கெண்டையின் இடப்பக்கம்

செல்லப்பிராணிகளின் அறுவைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலருக்கு என்னை நேரில் தெரியாது. என் கைகளைத் தெரியும். நான் செய்த ஓர் அறுவை சிகிச்சையின் காணொளியைப் பயிற்சி வகுப்புகளில் உங்களுக்குப் போட்டுக் காட்டியிருப்பார்கள். பன்னிரண்டு நிமிடம் ஓடும் அந்தக் காணொளியில், மூன்று சிறு துளைகளின் வழியே ஒரு நாயின் வலது சிறுநீரகம் பிரிக்கப்பட்டு, பைக்குள் இடப்பட்டு, வெளியே எடுக்கப்படுகிறது. தட்டில் வைத்து அதைக் கீறியதும் உள்ளே சுருண்டு கிடந்த செந்நிறப் புழு மெல்ல நீள்கிறது. அங்கே படம் முடிகிறது.

சென்ற மாதம் அடையாற்றில் நடந்த கூட்டம் ஒன்றிலும் அதைக் காட்டினார்கள். என்னை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். படம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் பெண் மருத்துவர் எழுந்தார்.

"சார், நாயை இடப்பக்கம் கீழ இருக்கிற மாதிரி படுக்க வச்சே ஆரம்பிச்சு முடிச்சிருக்கீங்க. திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் உள்ள பாக்க வேண்டாமா?"

"அது கேஸைப் பொறுத்தது" என்றேன்.

என் வயதுக்காரர்கள் தலையசைத்தார்கள். அந்தப் பெண் நன்றி சொல்லி, நான் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அமர்ந்தார். நான் சொன்னது பொய். அவர் அதை எழுதியும் கொண்டுவிட்டார் என்பதே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

காணொளியில் நீங்கள் பார்க்கும் அந்த நாய், அறுவை முடிந்த நாற்பத்து மூன்றாம் நாள் இறந்தது. அதன் வயிற்றில் இன்னொரு புழு இருந்தது. அதை விட்டுவைத்தவன் நான். ஆனால் பழியை வேறொருவர் சுமக்கும்படி செய்தேன். இவை இரண்டும் தனித்தனிக் குற்றங்கள். இரண்டையும் அவற்றிற்குரிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கவனக்குறைவானவன் என்று எவரும் சொன்னதில்லை. இன்றும் சொல்ல விடமாட்டேன். கல்லூரியில் முதல் வரிசை மாணவன். பணியாற்றிய ஆண்டுகளில் ஒரு நாளும் கசங்கிய மேலங்கியோடு அறுவை அறைக்குள் சென்றதில்லை. நான் செய்தது அறியாமையால் நேர்ந்த பிழையன்று. அப்படி இருந்திருந்தால் எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

அந்த நாய் என்னிடம் வருவதற்கு ஓராண்டுக்கு முன் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

அபிராமபுரத்தில் பாட்டு ஆசிரியை ஒருவரின் லாப்ரடார் நாய்க்குக் கருத்தடை செய்தேன். நுண்துளை வழியேதான் தொடங்கினேன். பாதியில் இரத்தக்குழாய் ஒன்று நழுவி, கேமராவின் கண்ணாடி முழுக்கச் சிவந்துபோயிற்று. ஒரு கணமும் யோசிக்கவில்லை. கருவிகளை வெளியே எடுத்துவிட்டு வயிற்றைத் திறந்து குழாயைப் பிடித்துக் கட்டினேன். நாய் பிழைத்தது. என் பணிக்காலத்தில் நான் எடுத்த சரியான முடிவுகளில் அதை முன்னால் வைப்பேன்.

தையல் பிரிக்க வந்த அன்று அந்த அம்மையார் நாயைப் புரட்டிக் காட்டினார்.

"என்ன டாக்டர், ரெண்டே ரெண்டு துளைன்னு சொன்னேளே! இங்க பாருங்கோ, பெட்டிக்கு ஜிப் வச்சுத் தச்சாப்ல இருக்கு. பாட்டு கத்துக்க ஆத்துக்கு வரவாள்லாம் கேக்கறா. நான் யாருக்குன்னு பதில் சொல்லிண்டு இருப்பேன்?"

"நாய் உயிரோட இருக்கும்மா."

"அது சரி, இல்லேங்கல. ஆனாலும் துளைன்னுதானே சொன்னேள்?"

அவரிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள வருபவர்கள் அனேகம். அடுத்த சில வாரங்களில் என் மருத்துவமனைக்கு வந்தவர்களில் இரண்டு மூன்று பேர், நாயை மேசைமேல் ஏற்றுவதற்கு முன்பே, "துளை போட்டே முடிச்சிடுவீங்கல்ல சார்?" என்று கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். உள்ளே ஏதோ ஒன்று இறுகிக்கொண்டது. அதற்கு அப்போது பெயர் வைக்கவில்லை. இப்போது சொல்கிறேன்: சரியான முடிவுக்காக அவமானப்பட்டவன், அடுத்த முறை பாராட்டுக் கிடைக்கும் முடிவை எடுக்கத் தயாராகிவிடுகிறான்.

இனி அந்த நாய்.

தேசம்மா மேற்கு மாம்பலத்தில், ரயில் நிலையத்தைத் தாண்டிய ஒரு சந்தில் ஏரி மீன் விற்பவர். விரால், கெண்டை, கெளுத்தி ஆகியவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, கேட்பவர்களுக்கு எடுத்து அறுத்துக் கொடுப்பார். கணவர் இல்லை, பிள்ளைகள் எங்கோ இருந்தார்கள். அவரோடு இருந்தது செம்பழுப்பு நிறத்தில் நான்கு வயது நாட்டு நாய் ஒன்று. குட்டியாக இருந்தபோது மீன் தொட்டிக்குள் விழுந்து கெண்டையைப் போலத் துள்ளியதால் அதற்குக் கெண்டை என்றே பெயர். ஆட்டோவில் மடிமேல் வைத்து அடையாற்றில் இருந்த என் மருத்துவமனை வரை கொண்டுவந்திருந்தார்.

"ஒண்ணுக்குப் போனா ரத்தமா போவுது டாக்டரு. ரெண்டு மாசமா மாத்திர முய்ங்கிக்கினு கீது. ஒண்ணும் கேக்கல. எங்க ஊட்டாண்ட இருக்கிறவருதான் உன்னாண்ட போகச் சொன்னாரு."

"என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

"நான் இன்னா துன்றேனோ அத்ததான் அதுவும் துன்னும். அப்பாலிக்கா மீனு அறுக்கச்சொல்ல குடலு கிடலு எல்லாம் அதும் பங்கு. அத்த வேற யாருனா தொட்டா வள்ளுனு வுயும்."

"பூனையெல்லாம் வராதா?"

"இது கீறப்போ பூனை எங்க வரும்? மத்தியானத்துல நான் கண்ண மூடிக்கினு படுப்பேன், இதான் கடை பாக்கும். பேச்சுத் தொணையும் இதான் டாக்டரு. எங்க ஊட்டுக்காரு மாதிரி திருப்பிப் பேசாது. அதான் எனக்குப் புடிச்சிக்கினது."

அவர் சிரித்தார், நாய் அவர் முழங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அந்த அம்மையாருக்கு அந்த நாயைத் தவிர வீட்டில் வேறு மூச்சு இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தெரிந்துதான் அனைத்தையும் செய்தேன்.

ஸ்கேனில் வலது சிறுநீரகம் மெல்லிய தோல்பையாகத் தெரிந்தது. அதற்குள் சுருண்ட புழுவைக் காட்டும் இரட்டைக் கோடிட்ட வளையங்கள். சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது தடித்த ஓட்டோடு கூடிய முட்டைகள் இருந்தன. சிறுநீரகப் புழு. நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்; நேரில் பார்த்தவர்கள் குறைவு. நன்னீர் மீனையும் தவளையையும் பச்சையாகத் தின்னும் நாய்க்கு வருவது. இளம்புழு குடலைத் துளைத்து வயிற்றறைக்குள் வந்து, பெரும்பாலும் வலது சிறுநீரகத்துக்குள் புகுந்து, அதை உள்ளிருந்தே தின்று தீர்த்து, எஞ்சிய பைக்குள் முழக்கணக்கில் வளர்ந்து வாழும். மருந்தால் தீராது. கெட்டுப்போன சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மற்றொன்றைக் கொண்டு நாய் நெடுநாள் வாழ முடியும். கெண்டையின் இடது சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது. ஆகவே அறுவைக்குத் தயங்க எந்தக் காரணமும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எல்லாப் புழுக்களும் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. சில வழியிலேயே தங்கி, உறுப்புகளுக்கு நடுவே வயிற்றறையில் கிடக்கும். அதனால் சிறுநீரகத்தை எடுத்து முடித்ததும் வயிற்றறை முழுவதையும் தேடிப் பார்க்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்யும்போது கையை விட்டுத் துழாவினால் போதும். நுண்துளையில் அது முடியாது. வலது சிறுநீரகத்தை அணுக நாயின் இடப்பக்கம் கீழே இருக்க வேண்டும். குடலும் மண்ணீரலும் அந்தப் பக்கம் சரிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அங்கே பார்க்க வேண்டுமென்றால் துளைகளை மூடி, நாயை மறுபக்கம் திருப்பி, மீண்டும் தோலைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, புதிதாகத் துளையிட வேண்டும். இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம் ஆகும். இது எனக்குத் தெரியும். நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில், "இடப்பக்கம் மண்ணீரலுக்குக் கீழே இன்னொரு வளையம் போன்ற தோற்றம், குடலாகவும் இருக்கலாம்" என்று எழுதியிருந்தது. அதையும் படித்தேன்.

அறுவை அன்று காலை பக்கத்து அறையில் பதினெட்டு இளம் மருத்துவர்கள் திரையின் முன் உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் அழைத்திருந்தேன். மயக்க மருந்து தந்தவர் டாக்டர் ஷமீமா. மயிலாப்பூரில் தலைமுறைகளாக வாழும் உருது பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர்; அவருடைய தந்தை அங்கே ஒரு சந்தில் புத்தகம் கட்டும் கடை வைத்திருந்தார். எங்கள் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டுகளை ஆண்டுதோறும் தைத்துக் கட்டித் தந்தவர் அவரே. ஷமீமா அதிகம் பேசமாட்டார். நாயின் மூச்சைக் கேட்டுக்கொண்டே பாடப்புத்தகத்தின் பக்க எண்ணைச் சொல்லக்கூடியவர்.

அன்றைக்கு என் கை நன்றாக இருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான் கதையே என்பதால் சொல்கிறேன். ஐம்பது நிமிடத்தில் சிறுநீரகம் வெளியே வந்தது. ஒரு தேக்கரண்டி இரத்தம்கூடச் சிந்தவில்லை. தட்டில் வைத்துக் கீறினேன். புழு நீண்டது. பக்கத்து அறையில் கைதட்டினார்கள். மூடிய கதவைத் தாண்டி அந்த ஓசை வந்தது.

"சார், திருப்பிடலாமா?" என்றார் ஷமீமா.

"எதுக்கு?"

"ஸ்கேன்ல அந்த வளையம் போட்டிருந்தாங்களே. மண்ணீரலுக்குக் கீழ."

"அது குடல்."

"குடலாவே இருக்கட்டும் சார். ஒரு தடவை பாத்துட்டா நிம்மதி. மயக்கத்தை நல்லாத் தாங்குது. இன்னும் ஒரு மணி நேரம்கூட என்னால குடுக்க முடியும்."

கதவுக்கு அப்பால் இன்னும் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. இப்போது நாயைப் புரட்டிப்போட்டு, மறுபடி துளையிட்டு, ஒன்றுமில்லாத குடலைப் பதினெட்டுப் பேருக்கு அரை மணி நேரம் காட்டிக்கொண்டிருப்பதை நினைத்தேன். கைதட்டல் ஓய்ந்துபோகும். சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

"ஷமீமா, உள்ளே இருந்தது வெளியே வந்தாச்சு. மூடலாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மயக்க மருந்தின் அளவைக் குறைக்கத் தொடங்கினார்.

பிற்காலத்தில் எனக்குள் நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். மயக்கம் நீண்டுவிடும் என்று அஞ்சினேன் என்பேன். மயக்கத்தைப் பற்றி அஞ்ச வேண்டியவர் ஷமீமா. அவர் நேரம் தருவதாகச் சொன்னார். அறிக்கை ஐயத்தோடுதான் எழுதப்பட்டிருந்தது என்பேன். ஐயம் இருக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். எந்த வாதமும் நிற்பதில்லை.

மாலையில் தேசம்மாவுக்குப் புழுவைக் கண்ணாடிச் சீசாவில் போட்டுக் காட்டினேன். அவர் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா டாக்டரு இது, விலாங்குக் குட்டிக்குச் சாயம் போட்டாப்புல கீது! இத்த கொண்டும்போய்க் கடையில வச்சா எவனாச்சும் கிலோ இன்னான்னு கேட்டுருவான்."

நானும் சிரித்தேன். நாயின் வயிற்றில் இருந்த மூன்று சிறு தையல்களைக் காட்டினேன். இனிப் பச்சைக் குடல் கொடுக்கவே கூடாது என்றேன். "இனிமே தொட மாட்டேன் சாமி" என்று அவர் தம் இரு கைகளையும் எனக்கு முன் கூப்பினார்.

மூன்றாம் வாரம் கெண்டையைத் திரும்பக் கொண்டுவந்தார். சரியாகச் சாப்பிடவில்லை, ஒரே இடத்தில் படுத்துக்கிடக்கிறது என்றார். நான் வயிற்றை அழுத்திப் பார்த்தேன். இடப்பக்கம் அழுத்தியபோது நாய் தலையைத் திருப்பி என் கையை முகர்ந்தது, கடிக்கவில்லை. ஸ்கேன் கருவி இரண்டடித் தொலைவில் இருந்தது. நான் அதைப் போடவில்லை. வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினேன். போட்டால் என்ன தெரியும் என்பது எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது என்றே இப்போது எண்ணுகிறேன். பார்க்காதவரை அது குடலாகவே இருந்தது. அதற்குள் அந்தக் காணொளியை இரண்டு கூட்டங்களில் காட்டியிருந்தேன்.

நாற்பத்து மூன்றாம் நாள் முற்பகல், கெண்டையை இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிறு உப்பி இறுகியிருந்தது. ஈறு வெளுத்திருந்தது. அன்றைக்குத் துளையைப் பற்றி யாரும் பேசவில்லை. மார்புக்கூட்டின் அடியிலிருந்து கீழ்வரை வயிற்றைத் திறந்தேன். சீழும் இரத்தமுமாக இருந்தது. மண்ணீரலுக்குக் கீழே, குடலோடு ஒட்டிக்கொண்டு, ஒன்றரை முழப் புழு கிடந்தது. அதை எடுத்துத் தட்டில் வைத்தபோது ஷமீமா, "போயிடுச்சு சார்" என்றார். அரை மணி நேரம் முயன்றோம். உயிர் திரும்பவில்லை.

கையுறைகளைக் கழற்றிக் கைகழுவிக்கொண்டு வெளியே போனேன். ஷமீமாவும் வந்தார். தேசம்மா பெஞ்சில் உட்காராமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தமில்லாமல் அழுதார். பிறகு, "இன்னா ஆச்சி டாக்டரு? நீதான் எட்த்துட்டியே" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை, கேள்வி கேட்டேன்.

"பச்சைக் குடல் ஏதாவது குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டரு. நீ சொன்னதுலேர்ந்து வேகவச்சித்தான்..." என்றவர் நிறுத்தினார். அவர் உண்மையான மனிதர். யாரும் வற்புறுத்தாமலேயே தொடர்ந்தார். "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு, நான் அந்தாண்ட திரும்பச்சொல்ல கூடைல வாய வச்சிட்ச்சி. ஒரு வாயிதான். புடுங்கிட்டேன்."

"அதுதான்" என்றேன்.

ஒரு வாய்ப் பச்சைக் குடலிலிருந்து ஆறு வாரத்தில் ஒன்றரை முழப் புழு வளராது. பல மாதங்கள் வேண்டும். முதலாண்டு மாணவனுக்கும் இது தெரியும். அந்த அம்மையாருக்குத் தெரியாது. அவர் தம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷமீமா போய் அவற்றைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பிற்பகலில் கேஸ் ஷீட்டை ஷமீமாவிடம் நீட்டி, மறுதொற்று என்று எழுதச் சொன்னேன்.

"நான் எழுத மாட்டேன் சார்."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியும் சார்."

அவர் குரல் உயரவில்லை. நானே எழுதினேன். மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டுத் திருவான்மியூரில் சொந்தமாக மருத்துவமனை தொடங்கினார். போகும்போது முறையாக விடைபெற்றார். இதை அவர் எவரிடமும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. அவர் சொல்லியிருந்தால் என்னால் மறுக்க முடிந்திருக்கும். சொல்லாததற்கு எதிராக என்னிடம் ஒன்றுமில்லை.

இதெல்லாம் நடந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அடையாற்றுக் கூட்டம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள், அந்த ஆண்டின் கேஸ் ஷீட் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். ஷமீமாவின் தந்தை கட்டிய தொகுப்பு. ஒரு தாளைக்கூடத் தடம் தெரியாமல் உருவ முடியாது. என் கையெழுத்து அழகாக இருந்தது. மறுதொற்று. அதற்குக் கீழே, உண்மையில் நடந்ததை எழுதி, எழுதிய நாளின் தேதியிட்டுக் கையொப்பமிட்டேன். காணொளியை வைத்திருக்கும் இரண்டு பயிற்சி நிறுவனங்களுக்கும் அதைக் காட்ட வேண்டாமென்றும், காட்டுவதானால் நாயின் முடிவையும் சேர்த்துச் சொல்லுமாறும் கடிதம் எழுதினேன். ஷமீமாவைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

உங்களுக்கு இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். நாயைத் திருப்பிப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அறுவை நடுவே முடிவுசெய்யாதீர்கள். முதல் துளை இடும் முன்பே, பார்வையாளர்கள் வந்து அமரும் முன்பே, தாளில் எழுதி மயக்க மருந்து தருபவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் "திருப்புங்கள்" என்றால் திருப்ப வேண்டும். கைதட்டலைக் கேட்டபின் எடுக்கும் முடிவு அறுவை மருத்துவர் எடுப்பதன்று. மற்றது: விலங்கு இறந்தபின் அதன் உரிமையாளரிடம் கேள்வி கேட்காதீர்கள். அந்நேரத்தில் நாம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் நம் விடுதலைக்கானதாகவே இருக்கும். பதில் சொல்வது மட்டுமே அப்போது நம் கடமை.

சென்ற வியாழனன்று மேற்கு மாம்பலம் போனேன். தேசம்மா அதே சந்தில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். தலை முழுதும் வெளுத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரமாயிற்று.

"ஐயே, டாக்டரு! வயசாயிட்சே உனக்கு. இன்னா, விரால் வேணுமா?"

மீன் வாங்க வரவில்லை என்றேன். வீட்டிலிருந்தே வாக்கியங்களைக் கட்டி வைத்துக்கொண்டு வந்திருந்தேன். சொல்லத் தொடங்கியதும் மருத்துவச் சொற்களாகவே வந்தன. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"புரியற மாதிரி சொல்லு."

"முதல் புழு குடலால வந்ததுதான். ஆனா கெண்டையைக் கொன்ன ரெண்டாவது புழு அப்பவே உள்ள இருந்துச்சு. நான் பாக்காம விட்டுட்டேன். அந்த ஒரு வாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவர் அரிவாள்மனையிலிருந்து காலை எடுத்தார். பாதி அறுத்த மீனைத் தட்டில் போட்டார். கை கழுவினார்.

"அன்னிக்கே சொல்லிருந்தா உன்னிய வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டிருப்பேன்" என்றார். "ரெண்டு நாளு. மூணாவது நாளு வேற குட்டி ஒண்ணு எட்த்தாந்திருப்பேன். எத்தினி குட்டிங்க இந்தச் சந்துல வந்து காலாண்ட நின்னுச்சி தெரியுமா? நம்ம கையி கொன்ன கையின்னு ஒண்ணத்தக்கூடத் தொடல."

மன்னிப்புக் கேட்டேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எட்டு வருசமா இங்க கீறவங்க எல்லாத்தாண்டயும், நாய்க்குப் பச்சக் குடல் போடாதீங்கடி, நான் அப்டித்தான் என் கெண்டய கொன்னேன்னு சொல்லிக்கினு கீறேன். நாலு கடை கீது. வா."

"எங்கே?"

"நீயே சொல்லு, வா."

முதல் கடையில் இருந்த பெண்ணிடம், "இன்னாமே, என் கெண்ட எப்டி செத்துச்சி?" என்று கேட்டார்.

"நீதான் பச்சக் குடல வுட்டுட்டேன்னு சொல்லுவியே. இப்ப இன்னாத்துக்கு அது?"

"இவுரு டாக்டரு. சொல்றாரு, கேளு."

மீன் வாங்க நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னேன். ஸ்கேன் அறிக்கையையும் கருவிகளையும் நேரத்தையும் விளக்கி முடிக்க எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. தேசம்மா அடுத்த கடைக்கு நடந்தார்; நான் பின்னால் போனேன். அங்கே என் விளக்கம் சற்றுக் குறைந்தது. மூன்றாவது கடையில் இன்னும் குறைந்தது.

நான்காவது கடையில் இருந்த முதியவர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் பாக்காம விட்டேன், நாய் செத்துடுச்சு, பழியை இவங்க மேல போட்டேன்" என்றேன். அதற்குமேல் அதில் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.